வெண்ணெய் எடுக்காத பால்

பால்பூச்சு எப்படிப் போடுவது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். எழுதித் தர மாட்டேன். அது உங்கள் போனிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே பன்னிரண்டு நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்கிறார். நானும் பார்த்தேன், சரியாகத்தான் சொல்கிறார். வெண்ணெய் எடுத்த பாலைத் திரிய வைத்து, அந்தத் திரியைக் கழுவி, நீர்த்த சுண்ணாம்பு சேர்த்துக் கரைத்தால் பசை. பசையில் சாக் மாவைக் கலந்தால் பூச்சு. மரப்பலகையில் மெல்லிசாக ஐந்து தடவை, எங்கள் பாஷையில் ஐந்து கை, அடித்து, ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படம் வரையத் தளம் தயார். இதை இருபது வருஷம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அந்த வீடியோவில் ஒரு குறை. பால் ஒரு கண்ணாடிக் குடுவையில் தானாக வந்து நிற்கிறது. நம் ஊரில் பால் யாராவது ஓர் ஆளின் கையில்தான் வரும். அந்த ஆளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் அதை மட்டும் நான் சொல்கிறேன். பலகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் ஆறு பேரும் சுண்ணாம்புக் கையோடு உட்கார்ந்து கேட்க வேண்டாம், கழுவிவிட்டு வாருங்கள்.

முதலில் என் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் ஆரம்பத்தில் அனல்மின் நிலையத்து டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் பெயின்டர். குவார்ட்டர்ஸ் சுவர்களில் வீட்டு நம்பர் எழுதுவது என் முதல் தனி வேலை. சூப்பர்வைசர் ஒரு காகிதத்தில் நம்பர்களைக் கொடுத்து, ஒரு வரிசையைக் காட்டிவிட்டுப் போனார். நான் நூல் பிடித்து, கோடு போட்டு, ஒவ்வோர் எண்ணையும் அச்சடித்த மாதிரி எழுதினேன். வரிசையின் எந்த முனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. நான்கு நாட்களுக்கு அந்தத் தெருவில் யாருக்கும் அவரவர் கடிதம் வரவில்லை. கேஸ் சிலிண்டர் மாறிப்போனது. பெண் பார்க்க வந்தவர்கள் வேறு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பெண் எங்கே என்று கேட்டார்கள்.

சூப்பர்வைசர் வந்து வெகுநேரம் சுவரைப் பார்த்தார்.

“எழுத்து நல்லாத்தான்யா இருக்கு. வூடுதான் மாறிப்போச்சு” என்றார்.

“எந்தப் பக்கத்துலேருந்துன்னு நீங்க சொல்லலீங்களே” என்றேன்.

“நான் சொல்லல. நீ கேக்கல. ரெண்டு பேரும் சேந்து எழுதினதுதான் இது.” சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, ஒரு பிரஷை எடுத்துக்கொண்டு வரிசையின் அந்தப் பக்கத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கத்திலிருந்து நான். அவரிடம் நான் கற்றுக்கொண்டது, தப்பு நடந்தால் என்னுது என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார், மீதியை எனக்கே விட்டுவைத்தார் என்பது என் மண்டையில் ஏறப் பல வருஷம் பிடித்தது. ஏறிய கதைதான் இனி வருவது.

மந்தாரக்குப்பம் தாண்டி ஒரு சின்ன மாதா கோயில். பீடத்துக்குப் பின்னால் வைக்க ஒன்பது பலகைகளில் படம் வேண்டும் என்று அங்கிருந்த சாமியார் ஆசைப்பட்டார். பழைய தேக்குக் கதவுகளை அறுத்துச் சேர்த்த பலகைகள். எட்டு சின்னது, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒன்று. நடுப் பலகையில் மாதா. வரைய வந்தவள் பிரின்சி. டவுன்ஷிப்பில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள், என் மகளைவிடச் சின்னவள், என்னைவிட வேலை தெரிந்தவள். அவள் வண்ணப்பொடியைத் தண்ணீரில் குழைத்து வரைகிறவள். அந்த வண்ணம் பிடிக்கத் தளம் தண்ணீர் குடிக்க வேண்டும். கடையில் டப்பாவில் விற்கிற பிரைமர் குடிக்காது. பால்பூச்சு குடிக்கும். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

பால் தந்தவள் அஞ்சலை. கோயிலுக்கு இரண்டு கல் தள்ளி வீடு. வயல் கூலிக்குப் போன குடும்பம். இவள் தலையெடுத்துத்தான் சொந்தமாக மூன்று மாடு. வெண்ணெய் பிரிக்கக் கையால் சுற்றுகிற மிஷின் ஒன்றும் வைத்திருந்தாள். அவள் மாதாவைக் கும்பிடுகிறவள், மாரியாத்தாளையும் கும்பிடுகிறவள், இரண்டு பேருக்குள்ளும் தகராறு வராமல் பார்த்துக்கொள்கிறவள். “வெண்ணெய் எடுத்த பால்தான் வேணும், தினம் ரெண்டு லிட்டர்” என்று சொல்லிவைத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. பெயின்டர் எதற்குப் பால்காரியிடம் காரணம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ. இப்போது யோசித்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

எட்டுப் பலகைகள் பிசகில்லாமல் முடிந்தன. நீலம் பாய்ந்த, தண்ணியான பால், அளவான திரி. ஒன்பதாவது பலகைக்குச் செவ்வாய்க்கிழமை வந்த பால் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. திரி வழக்கத்தைவிட நிறைய விழுந்தது. எனக்குச் சந்தோஷம். மாடு நல்ல தீனி தின்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பூச்சு பிரஷில் வழுக்கிக்கொண்டு போனது. என் கை கடைசியில் தேறிவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். புதனும் அப்படியே, வியாழனும் அப்படியே.

காய்ந்த தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது வழக்கம். குடித்தால் சரி, உருண்டு நின்றால் கோளாறு. வியாழக்கிழமை அதைச் செய்யத் தண்ணீரில் விரலை விட்டேன். அப்போது கோயில் கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அனுபவஸ்தன் போய்ச் சோதனை செய்துகொண்டிருப்பானா? விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பலகையை இரண்டு தட்டுத் தட்டி, “ஜம்முனு வந்திருக்கு” என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள். பிரின்சி பலகையைத் தடவிப் பார்த்து, “அங்கிள், இது மத்ததவிட ஸ்மூத்தா இருக்கே?” என்றாள். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பலகையைக் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தோம். ஆகஸ்ட் மாத வெயில். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிகிற நேரத்துக்குக் கொட்டகைக்குள் நிற்க முடியாது. கோயில் பெருக்குகிற அம்மா துடைப்பம் எடுக்க உள்ளே போனவர், பலகையில் முத்து முத்தாக எண்ணெய் துளிர்த்து நிற்பதைப் பார்த்து அப்படியே முழங்காலில் விழுந்தார்.

பத்து மணிக்கு அறுபது பேர். பதினொரு மணிக்குக் குள்ளஞ்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆள் வந்து இறங்கியது. எல்லாம் வாட்ஸ்அப் செய்த வேலை. எறும்புகள் அதற்கு முன்பே வரிசையாக வந்திருந்தன; அவற்றுக்கு யாரும் அனுப்பவில்லை. கைக்குட்டையில் எண்ணெயை ஒற்றிக் குழந்தைகள் நெற்றியில் வைத்தார்கள்.

“முகமே இன்னும் வரையல, எப்பிடிய்யா கண்ணீர் வரும்?” என்று ஒருவர் கேட்டார்.

“அதான்யா புதுமை. மாதா செய்யற அற்புதம்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து, யாரும் பார்க்காத மூலையில் விரலால் தொட்டு முகர்ந்தேன். சாமியார் என் தோளைத் தட்டிப் பூசை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“மேஸ்திரி, நேராச் சொல்லுங்க. இது புதுமையா?”

“இல்ல சாமி. வெண்ணெய்.”

“நிச்சயமாவா?”

“நக்கிப் பாத்தேன் சாமி.”

“நக்கினதை வெளியில சொல்லாதீங்க” என்றார். கொஞ்சநேரம் சன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். “அந்தப் பலகையில வரைஞ்சா நிக்குமா?”

“நிக்காது. ஒரு மழைக்காலம் தாண்டாது. முகத்துலேருந்துதான் உரியும்.”

“அப்ப நானே ஜனங்ககிட்ட சொல்லிடறேன். எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. தெரிஞ்சுகிட்டு வாங்க. பத்து நிமிஷம்.”

அஞ்சலை கூட்டத்துக்குக் கடைசியில், வேப்பமரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தீங்களாண்ணா? மாதா ஏத்துகினா!”

“அஞ்சல, பால மிஷின்ல போட்டியா?”

அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. “செவ்வாக்கெழமலேருந்து போடலண்ணா. கறந்தத அப்பிடியே எடுத்தாந்தேன். எம் பொண்ணு கடலூர் ஆஸ்பத்திரில கெடக்குது. ஏழு மாசந்தான் ஆவுது, பிரஷர் ஏறிகினே போவுதாம். வர வெள்ளிக்கெழம ஆப்ரேசன் பண்ணி எடுத்துடறோம்னுட்டாங்க. ரெண்டு உசுருக்கும் உத்தரவாதம் இல்லன்னு கையெழுத்து வாங்கிகினாங்க. அதுக்குள்ள மாதா மேல என் பாலு ஏறணும்னு நேந்துகினேன். சாமிக்கு யாராச்சும் வெண்ண எடுத்த பாலக் குடுப்பாங்களா? நேந்துகினத வெளிய சொல்லக்கூடாதுன்னுதான் உங்ககிட்டகூட சொல்லல.”

நான் காரணம் சொல்லியிருந்தால் இந்தப் பால் வந்திருக்காது. தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்திருந்தால் விஷயம் பூச்சோடு போயிருக்கும். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவள் பெயர் வெளியே வரக்கூடாது. இத்தனை பேர் கண்ணீர் விட்ட இடத்தில், உன் பாலால்தான் கெட்டது என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமையை இவள் எப்படித் தாங்குவாள் என்று பயந்தேன்.

சாமியார் கொட்டகை வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னார். இது புதுமை இல்லை, பூச்சில் நடந்த பிசகு, எல்லாரும் அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார். கூட்டம் நகரவில்லை. நான் முன்னால் போய் நின்றேன்.

“தப்பு என்னுதுங்க. பால்ல கொழுப்பு இருந்திருக்கு. நான் சரியாப் பாக்கல.”

ஷேர் ஆட்டோவில் வந்த ஒருவர் விடவில்லை. அவர் வந்த தூரம் அப்படி. “யாரு குடுத்த பாலு?”

“கடைப் பாலுங்க” என்றேன்.

“பாக்கெட்டா?”

“பாக்கெட்.”

பாக்கெட் பாலுக்கு யாரும் முழங்காலில் நிற்க மாட்டார்கள். கால் மணி நேரத்தில் கொட்டகை காலியாகிவிட்டது. எறும்புகள் மட்டும் இருந்தன. நான் டவுன்ஷிப் பிளாக்கில் இருக்கிற என் வீட்டுக்கு நடந்தே போனேன். பழியைத் தூக்கிச் சுமக்கிற பெரிய மனுஷன் எப்படி நடப்பானோ அப்படி நடந்தேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பால் வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கிறாள், நாமே போய் ஆறுதல் சொல்லுவோம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், வாங்க என்று சொல்லவில்லை.

“அஞ்சல, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. உம் பேர நான் வாயே தொறக்கல.”

“அதான்” என்றாள். “இன்னாத்துக்குத் தொறக்கல?”

எனக்குப் புரியவில்லை. பக்கெட்டைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் மாடு திரும்பிப் பார்த்தது.

“கடப் பாலுன்னு சொல்லிட்டியே. பாக்கெட் பாலுன்னியே!” அதுவரை ‘நீங்க’ என்று பேசியவள். “என் பாலக் கொண்டுபோயி டிப்போவுல ஊத்துனா ஊரே குடிக்குது. அதே பாலக் கையில எடுத்துகினு போனா, இன்னார் வூட்டுப் பாலுன்னு இன்னிக்கும் சொம்பு நீட்டாத தெருவு இருக்குது. மாதா கோயில்லதான் அஞ்சல பாலு, அஞ்சல பாலுன்னு பேரு சொல்லி வாங்கிகினீங்க. அத நெனச்சித்தான் அங்க நேந்துகினேன். கெட்டுப்போச்சுன்னா கெட்டதும் என் பாலாவே இருக்கட்டும். நான் குடுத்தேன்னாவது அந்த அம்மாளுக்குத் தெரியும். நீ நடுவுல வந்து கடைக்காரன் குடுத்தான்னுட்ட. வெள்ளிக்கெழம அவ கிட்ட நான் இன்னான்னு போயி நிப்பேன்?”

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேருக்கு முன்னால் தப்பு என்னுது என்று சொன்னபோது வராத அவமானம், ஆள் இல்லாத அந்த மாட்டுக் கொட்டகையில் வந்தது. அவளைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். அவள் கொடுத்ததைப் பிடுங்கி யாருக்கோ எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். புது ஆட்களே, இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவர் தப்பை நாம் எடுத்துக்கொள்வது பல நேரம் நல்ல காரியம்தான், ஆனால் எடுக்கும்போது அதோடு சேர்ந்து வேறென்ன வருகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். கேட்டுவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது.

“தப்புதாம்மா” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னா கோளாறு அந்தப் பால்ல? அதச் சொல்லு மொதல்ல” என்றாள்.

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்குச் சொன்னேன். அவளிடம் ஒரு தட்டு வாங்கி, பாதிக்கு வெண்ணெய் தடவி, தண்ணீர் தெளித்துக் காட்டினேன். வெண்ணெய் பட்ட பக்கம் தண்ணீர் தாமரை இலையில் உருளுவது போல உருண்டு நின்றது. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், “நெய்ப் பாத்தரம் வெறுந்தண்ணில கழுவுனா போவாது, அதானே? சாயம் ஒட்டாது” என்றாள். வெள்ளைக்காரருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆன விஷயம்.

“ஆமாம்மா. வெண்ணெயை எடுத்துட்டா பால் பலகையோட கல்லாப் புடிச்சுக்கும். நூறு வருஷம் ஆனாலும் போகாது.”

“வெண்ணெய எடுத்துட்டா அப்பறம் முழுசாக் குடுத்ததா எப்பிடி ஆவும்?”

சாமியாரைக் கேட்கலாம் என்று சொல்ல நினைத்தேன். அவள் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாடும் அசைபோட்டு முடிக்கிற அளவுக்கு யோசித்தாள்.

“நான் பாலுன்னுதான் நேந்துகினேன்” என்றாள் கடைசியில். “வெண்ணன்னு நேந்துக்கல.”

சாமியாரிடம் போயிருந்தால் இவ்வளவு சுருக்கமாக முடிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் முன்வாசல் வழியாகவே வந்தாள், கையில் பால் கேன். சாமியார், பிரின்சி, அந்த நான்கு கமிட்டிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவளே நடுவில் வந்து நின்றாள்.

“ஞாயித்துக்கெழம இருந்தது கடப் பாலு இல்ல சாமி. என் பாலு. வெண்ண எடுக்காம குடுத்துட்டேன். இதுவும் என் பாலுதான். ரெண்டு தபா மிசின்ல சுத்தி எடுத்தாந்திருக்கேன்.”

கமிட்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார். “பாக்கெட் பாலுன்னு சொன்னீங்களே மேஸ்திரி?”

“பொய் சொன்னேங்க” என்றேன். “இந்த அம்மா குடுத்ததுல பாதித் தப்பு. சோதிக்காதது என் பாதி.” அந்தப் பழைய சூப்பர்வைசர் எங்கே இருக்கிறாரோ, இருந்தால் சிரித்திருப்பார்.

சாமியார் இறங்கி வந்து, கேனை அவள் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பழைய பூச்சை மரம் தெரிகிறவரை சுரண்டினோம். நானும் பிரின்சியும் ஆரம்பித்தோம்; அஞ்சலை மூன்றாவது சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டாள். சுரண்டி விழுந்ததை நான் கூட்டி அள்ளப் போனபோது, “குப்பையில போட்றாதண்ணா, ஒரு வாரம் அந்த அம்மா மேல இருந்தது” என்று ஒரு பழைய புடவைத் துணியில் கட்டி, வேப்பமரத்தடியில் பள்ளம் தோண்டிப் புதைத்தாள்.

இனி நாள்தான் கணக்கு. வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து கை போட நாள் இல்லை. கமிட்டிக்காரர்கள் இரண்டு பெரிய மின்விசிறி கொண்டுவந்து வைத்தார்கள், பழைய பாவத்துக்குப் பரிகாரம் போல. வேண்டாம் என்றேன். அவசரமாகக் காய்ந்த பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். “ரெண்டு கை குறைஞ்சா என்ன ஆவும்?” என்று அஞ்சலை கேட்டாள். “தளம் கொஞ்சம் மெல்லிசா இருக்கும். ஆனா நிக்கும். அஞ்சு கை ஈரத்தோட இருந்தா நிக்காது” என்றேன். இந்த முறை காரணத்தோடு சொன்னேன், அவளும் சரியென்றாள். செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று, வியாழன் ஒன்று. அனல்மின் நிலையச் சாம்பல் பறந்து ஒட்டாமல் இருக்க நான்கு பக்கமும் ஈரத்துணி கட்டினோம். ஒவ்வொரு கை காய்ந்ததும் தண்ணீர்ச் சொட்டு வைத்தேன். கமிட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைத்தேன். பலகை குடித்தது.

அஞ்சலையின் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது, ஒன்றரை மாதம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. அதற்கும் பலகைக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது, வெண்ணெய் இருந்தால் சாயம் ஒட்டாது என்பதுதான்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அது எங்கள் யாருக்கும் தெரியாது. முதல் ஷிஃப்ட் பஸ்கள் போய்க்கொண்டிருந்த நேரம். அஞ்சலை ஒரு பையும் ஃப்ளாஸ்க்குமாகக் கொட்டகைக்கு வந்தாள். அங்கிருந்து நேரே கடலூர் போக வேண்டும். பத்து மணிக்கு ஆப்ரேஷன்.

பலகை வெள்ளை வெளேரென்று நின்றது. அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“மாதா எங்க?”

நானும் பிரின்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று நாளாகப் பாலைப் பற்றியே கவலைப்பட்ட எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அவள் நேர்ந்துகொண்டது மாதா மேல் பால் ஏற வேண்டும் என்று. எங்களிடம் இருந்தது பால் ஏறிய ஒரு கதவு.

“திங்கட்கிழமைதான் வரைய ஆரம்பிக்கறதா இருந்தேன் ஆன்ட்டி” என்றாள் பிரின்சி. அவள் வழக்கம் முகத்தைக் கடைசியில் வரைவது. உடையும் கையும் பின்னணியும் முடிந்த பிறகுதான் முகத்துக்குப் போவாள். அன்றைக்குப் பையைத் திறந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். ஸ்டூலில் ஏறினாள். முக்காட்டின் வளைவு ஒரு கோடு. நெற்றி. மூக்கின் நேர்கோடு. தாழ்ந்த இமைகள் இரண்டு. உதடு ஒரு சிறு கோடு. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. இறங்கி ஒதுங்கி நின்றாள்.

அஞ்சலை செருப்பைக் கழற்றினாள். பையையும் ஃப்ளாஸ்க்கையும் என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் ஏறிப் பலகைக்குக் கிட்டே போனாள். காது கேட்காதவர்களிடம் பேசுவது போல முகத்தோடு முகம் வைத்துச் சொன்னாள்:

“கடப் பாலு இல்லம்மா. அஞ்சல பாலு.”

இறங்கி, பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.